கருவிப் பிடி செய்ய வீட்டிலேயே வேலை மேசை

கோடரியின் பிடி ஆடத் தொடங்கினால் அதைத் தண்ணீரில் ஊறப் போடுவது உழவர்களின் வழக்கம். ஊறிய மரம் பருத்துப் பிடி இறுகும். ஆனால் அந்த இறுக்கம் நிலைப்பதில்லை. இரும்பு வளையத்திற்குள் பருக்க இடமில்லாமல் மரத்தின் நார்கள் நசுங்கிவிடுகின்றன. காய்ந்ததும் பிடி முன்பைவிடச் சிறுத்து, அதிகமாகவே ஆடும். ஓங்கிய கோடரி கழன்று பறந்தால் எதிரில் நிற்பவரின் கதி என்னவாகும்?

பிடி ஆடுவதற்கு முக்கியக் காரணம் பச்சை மரத்தில் செய்வதுதான். மரம் காயும்போது நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். ஆகவே கட்டையை முதலில் பிளந்து, மழை படாத நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி நன்கு உலர்த்த வேண்டும். முனைகளில் மெழுகு பூசினால் வெடிப்பு குறையும். பிடிக்குக் கருவேலின் வைரப் பகுதி ஏற்றது. வெளியிலுள்ள வெள்ளைப் பகுதியை வண்டு துளைத்து உளுக்கச் செய்துவிடும். பிளந்தெடுத்த மரத்தில் நார் முனைக்கு முனை அறுபடாமல் ஓடுவதால் பிடி எளிதில் முறியாது.

இனி மேசைக்கு வருவோம். கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு அரிவாளால் செதுக்குவோர் பலர். தச்சர் கால் விரலால் மரத்தைப் பிடித்து வேலை செய்வது பல்லாண்டுப் பழக்கத்தில் வந்த திறமை. பார்த்துச் செய்தால் வந்துவிடாது. மரத்தை மேசை பிடித்துக்கொண்டால் இரு கைகளும் கருவியில் இருக்கும், காலும் தப்பும்.

நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுவே மேசையின் உயரம். பலருக்கு இது 80 செ.மீ. அளவில் வரும். நீளம் 150 செ.மீ., அகலம் 50 செ.மீ. போதும். மேற்பலகை 5 செ.மீ. கனத்திற்குக் குறையக் கூடாது. மேசை கனமாக இருந்தால்தான் இழைக்கும்போது நகராது. வேம்போ புளியோ, வீட்டில் இருக்கும் காய்ந்த மரமே போதுமானது. கால்கள் 8 செ.மீ. சதுரம். சட்டங்களின் நுனியை நாக்குப் போலச் செதுக்கிக் கால்களில் வெட்டிய துளையில் இறுக்க வேண்டும். ஆணியை மட்டும் நம்பினால் மூட்டு விரைவில் தளரும். நீளவாக்கில் ஒரு சாய்வுச் சட்டமும் தேவை. கால்களை மண்ணில் புதைத்தால் கறையான் ஏறும். தட்டைக் கல்லின் மேல் நிறுத்தவும்.

இரும்பு வைஸ் வாங்க வேண்டியதில்லை. மேற்பலகையில் இரண்டு கட்டைகளை, ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருக்குமாறு பதித்துவிட்டால், இடையில் மரத்தை வைத்துப் பக்கத்தில் ஆப்பு அடித்ததும் அசையாமல் நிற்கும். ஆப்பின் குறுகிய முனையைத் தட்டினால் விட்டுவிடும்.

பிளந்த மரத்தை முதலில் சதுரமாக்கி, மூலைகளை இழைத்து எட்டுப் பட்டையாக்கி, பிறகே உருட்ட வேண்டும். நேராக உருட்ட முயன்றால் பிடி கோணும். வளையத்தில் நுழையும் முனையில் வாளால் நீளவாக்கில் ஒரு பிளவு அறுத்து, பிடியைப் பொருத்தியபின் நன்கு காய்ந்த மரத்தாலான ஆப்பை அதில் அடிக்க வேண்டும். மீந்த நுனியை வளையத்தோடு ஒட்ட அறுக்காமல் அரை செ.மீ. நீட்டி விடவும்.