இருநூறு மீற்றர்க் கோடு

வீட்டின் பொருட்டு அரசாங்கம் பிரஜைக்குச் செய்யும் எந்த உபகாரமும் முதலில் ஒரு கோட்டைக் கிழித்துவிட்டே ஆரம்பமாகிறது. முதன்முதலாக வீடு வாங்குவோருக்கு 8,000 டொலர் வரை வருமான வரியில் கழித்துக் கொடுப்பதென்று அமெரிக்கா 2009 இல் விதித்தபோது, அந்தக் கோடு பஞ்சாங்கத்தில் விழுந்தது. பிறகு நீட்டப்பட்ட தவணைப்படி 2010 ஏப்ரல் 30 க்குள் கிரய ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் உள்ளே நின்றார், மறுநாள் இட்டவர் வெளியே நின்றார். 2008 இல் அவசரப்பட்டு வாங்கியவருக்கோ 7,500 டொலர் வரைதான், அதுவும் பதினைந்து வருஷங்களில் திருப்பிச் செலுத்தவேண்டிய கடனாகவே கிடைத்தது. நமது இலங்கையிலும் வீட்டுக் கடன் வட்டியை, வேறு சில செலவுகளோடு சேர்த்து வருஷத்துக்கு 12 இலட்சம் ரூபாய் வரை, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள 2020 ஏப்ரல் முதல் சட்டம் இடங்கொடுத்து, 2022 டிசம்பர் 31 உடன் அந்தச் சலுகையை முடித்துக்கொண்டது. அந்நாட்களில் ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாய் வரை சம்பாதிப்பவருக்கு வரியே இல்லையாதலால், கிழக்குக் கரையிலுள்ள கிண்ணியாவின் மீனவரும் வயற்காரரும் அது வந்ததையும் அறியார், போனதையும் அறியார்.

கிண்ணியா அறிந்த கோடு வேறு. கொட்டியாரக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் இடையே அமைந்த இவ்வூரில், 2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஏறிவந்து, கரையோரக் குடிமனைகளையும் கடலை நோக்கி நின்ற ஆஸ்பத்திரியையும் அழித்துச் சென்றபின், அரசாங்கம் கடற்கரையிலிருந்து அளந்து ஒரு வலயத்தை நிர்ணயித்தது. தெற்கிலும் மேற்கிலும் அதன் அகலம் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். ஒரே கடல் ஒரே நாளில் செய்த நாசத்துக்கு இருவகை அளவுகோல் எதற்கென்று கிழக்கிலே அன்று எழுந்த கேள்வி நியாயமான கேள்வியே என்பது என் அபிப்பிராயம்.

வலயத்துக்குள் வீடிழந்தவர் அங்கே மறுபடி கட்டலாகாது. காணி அவருடையதோ அல்லவோ, வேறிடத்தில் கொடையாளர் கட்டித்தரும் வீடொன்று அவருக்கு உண்டு என்று வாக்களிக்கப்பட்டது. வலயத்துக்கு வெளியே இருந்தவர் தம் காணியிலேயே கட்டிக்கொள்ளலாம். சேதம் நாற்பது வீதத்துக்கு மேற்பட்டதாகக் கணிக்கப்பட்டால் 250,000 ரூபாய் நான்கு தவணைகளில் வரும்; குறைவாயின் 100,000 ரூபாய் இரண்டு தவணைகளில் வரும். ஒரு படி வேலை முடிந்து, அதை உத்தியோகத்தர் பார்வையிட்டு எழுதிக் கொடுத்த பிற்பாடே அடுத்த தவணை கைக்கு வருமாதலால், முதற்பணம் தீர்ந்து சுவர் பாதியில் நின்றவர், சீமெந்தும் மணலும் நாளுக்கு நாள் விலையேறிய அக்காலத்தில், கடன்பட்டேனும் மிச்சத்தை எழுப்பினால்தான் மேற்கொண்டு பணம் பெறலாம் என்ற நிலை நேர்ந்தது.

இந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவருக்கு யோக்கியதையைத் தந்தது இழப்பு மட்டுமன்று, காணியின் உரிமையைக் காட்டும் பத்திரமும்தான். வீட்டைக் கொண்டுபோன வெள்ளம் உறுதியையும் பெட்டியோடு கொண்டுபோயிருந்தது. எனினும் நொத்தாரிசு எழுதும் உறுதியின் ஒரு பிரதி அவரிடமே தங்குகிறது, இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகிறது என்பதை அறிந்தவர், திருகோணமலைக்குச் சென்று அத்தாட்சிப் பிரதி எடுக்க வழியிருந்தது. அந்நாளில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. 2009 அக்டோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும் வரை, துறையிலே பாதை என்னும் படகுக்குக் காத்திருந்துதான் அக்கரை சேரவேண்டும். அரச காணியில் அனுமதிப்பத்திரத்தோடு குடியிருந்தவருக்குப் பிரதேச செயலகத்தின் பேரேடு சாட்சி. தகப்பன் பேரில் கிடந்து பிள்ளைகளுக்குள் பிரிக்கப்படாத வளவிலே வீடு கட்டியவருக்கும், வாய்ப்பேச்சால் காணி வாங்கியவருக்கும் சாட்சி சொல்ல அயலவரையும் கிராம உத்தியோகத்தரையும் தவிர வேறு யாருமில்லை. காணாமற்போனவர் விஷயத்தில் மட்டும் 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் இரங்கியது. உடல் கிடைக்காதவர்க்கும் மரணத்தைப் பதிந்து சான்றிதழ் பெற அது வழி செய்தது.

பெண்கள் விஷயம் இதனினும் சிக்கலானது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையிலும் தமிழர்களிடையிலும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவது நெடுங்கால வழக்கம். மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவார். வீடு அவளுடையது. கடல் அழித்தது அவள் வீட்டை. ஆனால் படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம் இருந்தபடியால், புதிய வீடும் புதிய பத்திரமும் பல இடங்களில் கணவன் பேருக்குப் போயின. இதை அக்காலத்திலேயே பெண்கள் அமைப்புகள் எடுத்துக்காட்டின. தாய்வழி வந்த சொத்தொன்று, யாரும் விற்காமலும் எழுதிக் கொடாமலும், ஒரு நிவாரணப் படிவத்தின் மூலம் கைமாறியது விசித்திரமே.

கோடும் நிலைக்கவில்லை. 2006 இல் கொள்கை திருத்தப்பட்டு, திசைக்கு ஓர் அளவு என்பது போய், அந்தந்தக் கரையின் தன்மைக்கேற்பக் கரையோரப் பேணல் திணைக்களம் வகுத்த தூரங்கள் வந்தபோது, முன்பு விலக்கப்பட்டிருந்த வளவுகள் பல மறுபடி கட்டத்தக்கவை ஆயின. கூடாரத்திலும் தற்காலிகக் கொட்டகையிலும் பிடிவாதமாகக் காத்திருந்தவர், பத்திரம் இருப்பின், தம் மண்ணிலேயே கட்டப் பணம் பெற வழி பிறந்தது. சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு முன்னரே தொலைவில் குடியேறச் சம்மதித்த மீனவரோ, தோணியும் வலையும் ஓரிடம், வீடு ஓரிடம் என்று தினந்தோறும் நடக்க வேண்டியவரானார். 2008 இன் அமெரிக்கரைப் போல் இவரும் முந்திக்கொண்ட காரணத்தாலேயே நட்டப்பட்டவர். அனுமதிப்பத்திரக் காணிகளிலோ இன்னொரு சங்கடம் தொடர்ந்தது. பின்னுரித்தாளர் பேர் குறிக்கப்படாமல் பெற்றோர் இறந்தால், மகளுக்கு முன்னே மகனை வைத்த 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் அட்டவணை, 2022 இல்தான் திருத்தப்பட்டது. ஆதலால் அத்தகைய பத்திரம் வைத்திருப்போர், பின்னுரித்தாளராக யாருடைய பேர் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் இப்போதே போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது.