ஏரிக்கரையில் ஒரு தீபாவளி

பட்டாசு வாங்குவது காசைக் கரியாக்குவது என்று எல்லா வீட்டுப் பெரியவர்களும்தான் சொல்கிறார்கள். ஆனால் பிறத்தியார் காசு கரியாவதைச் செலவில்லாமல் பார்ப்பதற்கு அவர்களுக்கும் ஆசை உண்டு! அதற்கு நல்ல இடம் எது என்பதுதான் கேள்வி.

தீபாவளிக்கு நாங்கள் உத்திரமேரூர்ப் பக்கம் போவது வழக்கம். பட்டணத்து மொட்டை மாடியில் நின்றால், நாலு பக்கமும் அடுக்கு மாடிகள். நடுவே ஒரு முழத் துண்டு ஆகாயம். கைப்பிடிச் சுவரில் ஏறும் குழந்தையைப் பிடிப்பதிலேயே பொழுது போய்விடும். இங்கேயோ ஏரிக்கரை இருக்கிறது. பல்லவர் காலத்துக் கல்வெட்டுகள் இதை வயிரமேக தடாகம் என்கின்றன. குடவோலைக்குப் பேர்போன 921-ஆம் வருஷத்துக் கல்வெட்டு, ஏரியைக் கவனிக்கவென்றே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தைச் சொல்கிறது. அவர்கள் வாணம் பார்க்க உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சீனத்து மருந்து அப்போது இங்கே வரவில்லை.

நம் தீபாவளி நிலவில்லாத இருட்டில் வருவது. மழை பெய்து ஏரியில் தண்ணீர் பிடித்திருந்தால், மேலே விரிகிற பூ கீழேயும் ஒரு முறை விரியும். ஒரு காசுக்கு இரண்டு பூ!

ஆனால் இருட்டுவதற்கு முன்பே போய் இடத்தைப் பார்த்து வையுங்கள். கரையேறும் இடத்திலேயே உட்காருங்கள். மதகுப் பக்கம் வேண்டாம். ஈர மண் வழுக்கும், புல்லில் பூச்சி பொட்டு இருக்கும். டார்ச் விளக்கு அவசியம். ஐப்பசியில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்றுதான். ஆகவே வெடிக்கும் இடத்துக்கு வடகிழக்கே நாம் இருந்தால், புகை நம்மை விட்டு விலகிப் போகும். பட்டுப் புடவைக்கும் நல்லது, இருமுகிற குழந்தைக்கும் நல்லது.

நேரம் தவறக் கூடாது. 2018-ல் சுப்ரீம் கோர்ட் இரண்டு மணி நேரம்தான் என்று விதித்தது. தமிழ்நாட்டில் அதைக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரித்துக் கொண்டார்கள். எட்டு மணிக்குப் பிறகும் நாலைந்து சரங்கள் கேட்கத்தான் செய்யும். அது வேறு விஷயம்.

கரையில் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. தொலைவில் வாணம் வெடித்து ஒளி தெரிந்ததும், விநாடிக்கு ஒன்றாக எண்ண வேண்டும். வெளிச்சம் உடனே வந்துவிடும். சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நடக்கும். மூன்று எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் ஒரு கிலோமீட்டர். எந்த ஊர் வாணம் என்று கண்டுபிடிக்கலாம்.

வேடந்தாங்கல் பக்கம் மட்டும் அமைதி. வந்து தங்கும் பறவைகள் மிரளுமே என்று அந்த ஊர்க்காரர்கள் பட்டாசு கொளுத்துவதில்லை. பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-லேயே செங்கற்பட்டுக் கலெக்டர் பிளேஸிடமிருந்து எழுதி வாங்கிய ஊர் அல்லவா!

இத்தனை சொல்கிறேனே, என் மாமியார் இந்தக் கரையில் ஒரு தீபாவளிகூட உட்கார்ந்ததில்லை. ஒரு வருஷம் எங்கிருந்தோ வந்த ராக்கெட் ஒன்று கொல்லையில் வைக்கோல் போரின் மேல் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து பசுவை அவிழ்த்து விட்டதால் பிழைத்தது. அது முதல், ஏழு மணியானால் அவர் நாலு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்குமாகக் கொல்லையில் காவல். நாங்கள் பட்சண டப்பாவோடு கரைக்குப் போவோம். இது எனக்கு உறைக்க எத்தனை வருஷமாயிற்று என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன தீபாவளிக்கு, "அத்தை, இன்றைக்கு நான் காவல். நீங்கள் போய் வாருங்கள்" என்றேன்.

"உனக்கு வாளி தூக்கத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அரை மனதாகப் புறப்பட்டார். வைக்கோல் போருக்கு ஒன்றும் ஆகவில்லை. தென்னை மர இடுக்கில் எனக்கும் இரண்டு பச்சைப் பூ தெரிந்தது.

எட்டரை மணிக்குத் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றவில்லை, காப்பி கேட்கவில்லை.

"ஏம்மா, ஒன்று பெரிதாக வெடித்தது. ஒன்பது வரை எண்ணினேன். அது எந்த ஊராக இருக்கும்?" என்றார்.