பதினெட்டுச் சக்கரம் – 14
காணாமல்போன 30 மணி நேரம்

மருத்துவச் சான்று, கற்றுநர் அனுமதி, தேர்வுக்கு முன் 14 நாள் காத்திருப்பு எல்லாம் சென்ற வாரம் முடிந்தன. தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு மறுபடி சொல்லத் தேவையில்லை. இந்த வாரம், அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் கிளாஸ் ஏ லாரிப் பயிற்சியை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, கட்டணத்துக்கு உதவி எங்கே கிடைக்கும் என்ற இரண்டையும் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். முதல் பாதியே இடத்தை நிரப்பிவிடும். காரணம், பயிற்சி விதியின் வரலாற்றில் ஒளிந்திருக்கும் ஒரு 30 மணி நேரம். அதைத் தெரிந்துகொண்டால் கல்லூரியிடம் முதலில் எதைக் கேட்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

1985-ல் அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் ட்ரெய்லர் லாரி ஓட்டுநர்களுக்கு ஒரு மாதிரிப் பாடத்திட்டம் வெளியிட்டது. வகுப்பறையும் சேர்த்து அது 320 மணி நேரம். யாரையும் கட்டுப்படுத்தாத வெறும் மாதிரிதான். மறு ஆண்டு வந்த சட்டம் வணிக வாகன ஓட்டுநர் உரிமத்துக்கு நாடு முழுவதும் ஒரே அளவுகோலைக் கொண்டுவந்தது. ஆனால் தேர்வைக் கட்டாயமாக்கியதே தவிர, பயிற்சியைக் கட்டாயமாக்கவில்லை. 1991-ல் காங்கிரஸ் பயிற்சிக்கும் விதி வகுக்கச் சொன்னது. 13 ஆண்டு கழித்து, 2004-ல் வந்த விதி கேட்டதெல்லாம் ஓட்டுநர் தகுதி, வேலை நேர வரம்பு, உடல்நலம், புகார் கொடுப்பவருக்கான பாதுகாப்பு என நான்கு தலைப்புகள் மட்டுமே. அதை முடிக்க ஸ்டீயரிங்கைத் தொடவே வேண்டியதில்லை. 2005-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பியது. 2012-ல் காங்கிரஸ் மறுபடி கட்டளையிட்டது. 2015-ல் லாரி நிறுவனங்கள், ஓட்டுநர் அமைப்புகள், பாதுகாப்பு இயக்கங்கள், பயிற்சிப் பள்ளிகள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசினார்கள். 2016 மார்ச்சில் வரைவு விதி வெளியானது. கிளாஸ் ஏ உரிமம் கேட்பவர் குறைந்தது 30 மணி நேரம் தன் கையால் வண்டி ஓட்டியிருக்க வேண்டும் என்றது அந்த வரைவு. அதே ஆண்டு டிசம்பரில் வந்த இறுதி விதியில் அந்த 30 இல்லை. அதற்குப் பதில் வேறு எண்ணும் இல்லை.

2022 பிப்ரவரி 7 முதல் நடப்பில் இருப்பது இந்த விதிதான். பாடத் தலைப்புகள் எல்லாம் உண்டு. எழுத்துப் பகுதியில் 80 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். வளாகத்துக்குள்ளும் பொதுச் சாலையிலும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஆனால் எவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும் என்பது பயிற்றுநரின் கணிப்பு. அவர் ‘தேறிவிட்டார்’ என்றால் தேறியதுதான். பயிற்சி நிலையமும் தன் தகுதியைத் தானே உறுதிமொழியாகக் கொடுத்து மத்தியப் பதிவேட்டில் இடம்பிடித்துக்கொள்ளலாம். அதன் விளைவு 2025 டிசம்பரில் தெரிந்தது: ஏறக்குறைய 3,000 நிலையங்களைப் பதிவேட்டிலிருந்து நீக்க நடவடிக்கை எடுப்பதாகவும், மேலும் 4,500 நிலையங்களுக்கு எச்சரிக்கை அனுப்பியிருப்பதாகவும் போக்குவரத்துத் துறை அறிவித்தது. ஆகவே ‘எங்கள் கல்லூரி மத்திய அரசில் பதிவுபெற்றது’ என்ற வாசகத்தை மட்டும் நம்பி யாரும் பணம் கட்டக்கூடாது. சட்டம் எண்ணாமல் விட்டதைச் சேரப் போகிறவர்தான் எண்ண வேண்டும். ‘முழுப் படிப்பில் ஸ்டீயரிங் என் கையில், எனக்கு மட்டும், எத்தனை மணி நேரம் இருக்கும்?’ கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

‘எனக்கு மட்டும்’ என்ற இரண்டு சொல்லையும் விட்டுவிடக் கூடாது. 160 மணி நேரப் படிப்பு என்று விளம்பரம் இருக்கும். அதில் வகுப்பறையைக் கழித்து, 40 மணி நேரம் சாலையில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேபினில் நான்கு மாணவர்கள் ஏறினால் ஒருவர் ஓட்டுவார், மூவர் பார்ப்பார்கள். ஆளுக்கு 10 மணி நேரம்தான் மிஞ்சும். பார்த்துப் படிப்பதிலும் பயன் உண்டு, மறுக்கவில்லை. லாரித் தேர்வின் முதல் பகுதியான வண்டிப் பரிசோதனையைப் பெருமளவு பார்த்தும் மனப்பாடம் செய்தும் கற்றுவிடலாம். என்ஜினை அணைத்து, பிரேக் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் ட்ரெய்லர் பூட்டிய வண்டியில் காற்றழுத்தம் 4 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக்கூடாது; அடுத்து மிதியை விட்டுவிட்டு அழுத்தினால் அழுத்தம் 55-க்குக் கீழே போவதற்குள் எச்சரிக்கை வர வேண்டும். இதை வரிசையாகச் சொல்லிச் செய்ய ஒரு வாரப் பயிற்சி போதும்.

ரிவர்ஸ் எடுப்பது அப்படி வராது. பின்னால் பூட்டியிருப்பது 53 அடி ட்ரெய்லர். பின்னோக்கிப் போகும்போது ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். பயிற்றுநர்கள் முதல் நாளே ஒரு உத்தி சொல்லித்தருவார்கள்: ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள், கை நகரும் பக்கம் ட்ரெய்லர் நகரும். உத்தி புரிந்துவிடும், எப்போது திருப்பலை நிறுத்தி எதிர்ப்பக்கம் ஒடித்து, முன்வண்டியை ட்ரெய்லரின் போக்கில் கொண்டுவருவது என்பதுதான் வராது. ட்ரெய்லர் கோணம் எடுப்பது கண்ணாடியில் தெளிவாகத் தெரியும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். இன்னும் கொஞ்சம் விட்டால் மடங்கி கேபினை நோக்கி வரும். அமெரிக்க லாரியில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருகிறார். வால் இடப்பக்கம் திரும்பினால் ஜன்னல் வழியே பார்க்கலாம். வலப்பக்கம் திரும்பினால் பார்வையைவிட்டே மறைந்துவிடும். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு அடி நகர்த்தி, மறுபடி இறங்க வேண்டும். மூன்று மாணவர்கள் வரிசையில் காத்திருக்கும் வளாகத்தில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய யாருக்கு நேரம் கிடைக்கும்?

மணிக்கணக்கை வைத்துத் திறமையை அளக்க முடியாது என்பது 30-ஐ நீக்கியபோது அரசு சொன்ன வாதம்; குறைந்தபட்ச நேரம் விபத்தைக் குறைக்கும் என்று காட்டும் தரவு போதவில்லை என்றார்கள். இந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 20 மணி நேரத்தில் ஒருவர் நன்றாக ஓட்டுவார். 50 மணி நேரத்திலும் இன்னொருவர் தடுமாறுவார். ஆனால் அது விதி எழுதுபவரின் கவலை. கல்லூரி வாசலில் நிற்பவருக்குத் தன் கை எவ்வளவு விரைவில் பழகும் என்று முன்கூட்டித் தெரியாது. அவரால் சேரும் முன்பே கேட்டு எழுதி வாங்கக்கூடியது மணிக்கணக்கு ஒன்றுதான். கனடா வேறு முடிவு எடுத்திருக்கிறது. டொராண்டோ பக்கம் லாரி ஓட்ட வரும் நம்மவர்களுக்குத் தெரிந்திருக்கும், ஒன்டாரியோவில் 2017 ஜூலை முதல் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். சஸ்காச்சுவனில் 2018 ஏப்ரலில் ஹம்போல்ட் ஹாக்கி அணியின் பேருந்தும் லாரியும் மோதி 16 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த மாகாணம் 121.5 மணி நேரம் என்று விதித்தது.

லாரி நிறுவனமே இலவசமாகப் பயிற்சி தரும்போது கல்லூரிக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பார்கள். அந்த இலவசத்துக்குப் பின்னால் ஒப்பந்தம் இருக்கும்: பெரும்பாலும் ஓராண்டு அதே நிறுவனத்தில் ஓட்ட வேண்டும், நடுவில் விலகினால் பயிற்சிச் செலவு கடனாகத் திரும்பி வரும். முதல் வேலை பிடிக்கவில்லை என்றால் விலகும் உரிமைக்கு விலை வைத்த மாதிரி. வேலையில் சேர்ந்த பிறகு எப்படியும் ஒரு மூத்த ஓட்டுநரோடு சில வாரம் அனுப்புவார்களே என்பது அடுத்த வாதம். அனுப்புவார்கள். ஆனால் அது சரக்கோடு போகும் வண்டி. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சில இடங்களில் புதியவர் ஓட்ட, மூத்தவர் பின்படுக்கையில் தூங்கும் ஏற்பாடும் உண்டு. ரிவர்ஸ் பழக அது இடம் அல்ல. நீண்ட படிப்பென்றால் வருமான இழப்பு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2024 மே கணக்குப்படி கனரக லாரி ஓட்டுநரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 57,440 டாலர். வாரத்துக்குச் சுமார் 1,100. புதியவருக்கு அவ்வளவு வராது என்றாலும், கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு வாரமும் ஒரு தொகை போகிறது. அதற்கு ஈடாகக் கையில் ஸ்டீயரிங் கூடுகிறதா, வகுப்பறை நாற்காலிதான் கூடுகிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அயோவாவின் டி மோயின் வட்டாரக் கல்லூரி, வட கரோலினாவின் ஜான்ஸ்டன், விஸ்கான்சினின் ஃபாக்ஸ் வேலி தொழில்நுட்பக் கல்லூரி என லாரிப் பயிற்சி தரும் பொதுக் கல்லூரிகள் நிறைய உண்டு. வரிப்பணத்தில் நடப்பதால் இவற்றிடம் கணக்குக் கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. கல்லூரிப் பக்கம் நான் சாய்வதற்கு அதுதான் காரணம். ஆனால் பெயர்ப்பலகை கல்லூரியுடையது, வண்டியும் பயிற்றுநரும் வெளியாருடையது என்ற ஏற்பாடும் இருக்கிறது. அதையும் கேட்டுவிட வேண்டும். கியர் மாற்றும் வண்டி இருக்கிறதா என்பது இன்னொன்று: ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்தால் உரிமத்தில் ‘ஈ’ என்ற கட்டுப்பாடு ஏறும், கிளட்ச் வண்டியைத் தொட முடியாது. புதிய லாரிகள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் என்பதால் இதற்காக மட்டும் நல்ல கல்லூரியை ஒதுக்கிவிட வேண்டாம்.

கட்டணம் அடுத்த வாரத்துக்குப் போகிறது. குறுகிய காலத் தொழிற்படிப்புகளுக்கும் மத்திய அரசின் பெல் உதவித்தொகையைத் திறந்துவிடும் சட்டம் 2025 ஜூலையில் கையெழுத்தானது. 2026 ஜூலை 1 முதல் என்று நாள் குறித்திருக்கிறார்கள். படிப்பு குறைந்தது 8 வாரமும் 150 மணி நேரமும் ஓட வேண்டும் என்பது நிபந்தனை. 4 வாரத்தில் 160 மணி நேரத்தை முடிக்கும் லாரிப் படிப்புகள் மணியில் தேறி வாரத்தில் தவறுகின்றன. அவற்றைக் கல்லூரிகள் எப்படி நீட்டப்போகின்றன, நீட்டிய வாரங்களில் எதை நிரப்பப்போகின்றன என்பதிலிருந்து தொடங்குகிறேன்.