சேவலும் போத்தும்: வேட்டைப்பறவைகளின் ஆண்பாற் பெயர்கள்

நுழையும்முன்

ஓர் உயிரினத்தோடு மனிதர் நெருங்கிப் பழகும்போது அதற்குரிய பெயர்களும் பெருகுகின்றன. ஆண், பெண், குட்டி என ஒவ்வொன்றையும் தனிச்சொல்லால் சுட்டுவது அந்நெருக்கத்தின் அடையாளம். வேட்டைப்பறவைகளின் ஆண்பாற் பெயர்கள் வழியே அதனைக் காண்போம்.

வானில் ஒரு வல்லூறு

நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் அமைந்த ஊர் ஜேடர்பாளையம். அதுபோன்ற ஆற்றங்கரை ஊர்களின் தோப்புகளில் ஓணானையும் எலியையும் எதிர்நோக்கி வல்லூறு காத்திருக்கும். சில நேரங்களில் கோழிக்குஞ்சையும் கவர்ந்து செல்லும். ஊரார் கோழியைச் சேவல், பெட்டை, விடைக்கோழி, அடைக்கோழி எனப் பிரித்து வழங்குவர். குஞ்சைக் கவர்ந்த பறவையையோ 'ஆண் வல்லூறு', 'பெண் வல்லூறு' என்று அடைகொடுத்தே நாம் குறிக்கிறோம். கோழி வீட்டில் வளர்வது. வல்லூறு காட்டில் வாழ்வது. இவ்வேறுபாடே சொல்லிலும் தென்படுகிறது.

பழக்கியோர் இட்ட பெயர்கள்

வேட்டைப்பறவைகளைப் பழக்கி வேட்டையாடும் கலை இந்தியாவில் தொன்மையானது. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய மானசோல்லாசம் இதனை அரசரின் பொழுதுபோக்குகளுள் ஒன்றாக விளக்குகிறது.

வேட்டைப்பறவைகளில் பொதுவாகப் பெண்ணே பெரியது, வலிமை மிக்கது. ஆண் அளவில் சிறியது. எனவே, பெரிய இரையைப் பிடிக்கப் பெண்ணையும் சிறிய இரையைப் பிடிக்க ஆணையும் பழக்கினர். பணி வேறானதால் பெயரும் வேறாயிற்று. வட இந்தியப் பறவை பழக்குநர் வல்லூற்றின் பெண்ணை 'ஷிக்ரா' என்றும் ஆணைச் 'சிப்கா' என்றும் அழைத்தனர். மற்றொரு வேட்டைப்பறவையின் பெண் 'லக்கர்', ஆண் 'ஜக்கர்'. இன்னொன்றின் பெண் 'பாஸ்', ஆண் 'ஜுர்ரா'. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன், 1862இல் வெளிவரத் தொடங்கிய தம் இந்தியப் பறவைகள் நூலில் இத்தகைய பெயர்களைப் பதிவுசெய்துள்ளார். அப்பறவையினம் முழுவதற்கும் இன்று ஆங்கிலத்தில் வழங்கும் 'ஷிக்ரா' என்னும் பெயர் முதலில் பெண்ணுக்கு உரியதாய் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆங்கிலேயப் பழக்குநர் ஆண் பறவையை 'டியர்சல்' என்பர். 'மூன்றாவது' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. பெண்ணைவிட ஆண் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிறியது என்பதே இதற்குக் காரணம் என்பர்.

தொல்காப்பியம் காட்டும் மரபு

தமிழில் இத்தகைய பகுப்பு மிகப் பழமையானது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதையும் ஆண்பாற் பெயர்கள் பதினைந்தையும் பெண்பாற் பெயர்கள் பதின்மூன்றையும் தொகுத்துரைக்கிறது. களிறு, கலை, கடுவன், சேவல், போத்து ஆகியன ஆண்பாற் பெயர்களுள் சில.

சிறகுடைய பறவைகளின் ஆணுக்குச் 'சேவல்' என்னும் பெயர் உரியது. மயில் மட்டும் அதற்கு விலக்கு. ஆகவே, 'வல்லூற்றுச் சேவல்', 'பருந்துச் சேவல்' எனக் கூறுவதற்கு மரபியலின் ஒப்புதல் உண்டு. பெண்ணைப் 'பேடை' எனலாம். மயிலோடு 'எழால்' என்னும் வேட்டைப்பறவையின் ஆணுக்கும் 'போத்து' என்னும் பெயர் வழங்குவதை மரபியல் தனியே சுட்டுகிறது. எழாலைச் சங்கப் புலவரும் நன்கறிவர். எழால் பாய்ந்தபோது துணையைக் காணாது வருந்திக் கூவும் வங்கா என்னும் பறவையின் பேடையைக் குறுந்தொகையின் 151ஆம் பாடல் காட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

புலி, எருமை, மரை முதலிய விலங்குகளின் ஆணுக்கும் 'போத்து' என்னும் பெயர் உரியது. மலையாளத்தில் இச்சொல் எருமைக்கடாவைக் குறித்து இன்றும் வழங்குகிறது.

சுருங்கிய சொற்கள்

பறவை பழக்குநரின் சொற்கள் தொழிலின் தேவையால் பிறந்தவை. மரபியலின் சொற்களோ சுற்றியுள்ள உயிர்கள் அனைத்தையும் உற்றுநோக்கியதால் தொகுக்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு வேட்டைப்பறவைகளைப் பிடித்துப் பழக்குவது இந்தியாவில் குற்றமாகும். பறவைகளைக் காக்க இத்தடை தேவையானதே. எனினும், தொழில் மறையும்போது அதன் சொற்களும் மறைகின்றன.

தமிழ்ச்சொற்களுக்கு அந்நிலை நேர வேண்டியதில்லை. அவை வாழ்வதற்குப் பறவையைப் பிடிக்க வேண்டுவதில்லை. கூர்ந்து பார்த்தால் போதும். மயில் நீங்கலாகப் பறவைகளின் ஆணுக்கு உரிய 'சேவல்' இன்று பேச்சுவழக்கில் கோழிச்சேவலாகச் சுருங்கிவிட்டது. நீலச்சாம்பல் முதுகும் சிவந்த கண்ணும் கொண்ட சிறிய வல்லூற்றைக் காணும்போது, அது ஆண் என அறிந்து 'வல்லூற்றுச் சேவல்' என்று சொல்லலாம். அப்போது பறவையையும் அறிகிறோம், சொல்லையும் மீட்கிறோம்.