மாப்பிள்ளை என்ன பண்றார்?

கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி இருக்கும். முதல் வரியில் படிப்பு, அடுத்த வரியில் வேலையும் ஊரும். பி.இ. என்றிருக்கும், அதன் கீழே ஒரு கம்பெனியின் பெயர், சென்னையோ பெங்களூரோ. சொந்த வியாபாரம் என்றால் கடையின் பெயர். அரசு வேலை என்றால் துறையின் பெயரே கொஞ்சம் தடித்த எழுத்தில் அச்சாகும். உணவு டெலிவரி என்றோ பைக் டாக்ஸி என்றோ அச்சடித்த பத்திரிகை ஒன்றைக்கூட இதுவரை நான் பார்த்ததில்லை. அந்த வேலை செய்கிற பையன்களுக்குக் கல்யாணம் நடக்காமல் இல்லை. படிப்பு வரி மட்டும் இருக்கும், வேலை வரி இருக்காது. பெண் வீட்டார் கேட்டால், "மெட்ராஸ்ல ஒரு கம்பெனில இருக்கான்" என்று பெரியப்பா சமாளித்துவிடுவார்.

நிதி ஆயோக் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, 2020-21ல் இந்தியாவில் 77 லட்சம் பேர் இப்படிப்பட்ட வேலைகளில் இருந்ததாகக் கணக்கிட்டது. 2029-30ல் இது 2 கோடியே 35 லட்சமாகும் என்றும் சொன்னது. சாப்பாடு கொண்டுவருபவர், மளிகை கொண்டுவருபவர், டாக்ஸி ஓட்டுபவர், வீட்டுக்கே வந்து முடி வெட்டுபவர், ஃபேஷியல் செய்பவர், ஏ.சி. பழுது பார்ப்பவர் எல்லோரும் இதில் அடக்கம். இத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகிற வேலையைச் சொந்தக்காரர்கள் முன்னால் சொல்ல நாக்கு கூசுகிறது. வருமானம் குறைவு என்பது மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது. ஜவுளிக்கடையில் நிற்கிற பையன் தன் கடைப் பெயரைத் தயங்காமல் சொல்கிறான். அவனைவிட அதிகம் சம்பாதிக்கிற டெலிவரி பையன் தயங்குகிறான்.

ராத்திரி எட்டு மணிக்கு வேளச்சேரியிலோ அண்ணா நகரிலோ கூட்டம் உள்ள ஒரு பிரியாணிக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பத்துப் பதினைந்து வண்டிகள் நடைபாதையை அடைத்து நிற்கும். ஹேண்டில்பாரில் செல்போன், அதிலிருந்து பவர் பேங்குக்கு ஒரு வயர், கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட், பின்சீட்டில் சதுரப் பை. கடைக்குள்ளிருந்து ஒருவர் ஆர்டரின் கடைசி எண்களை மட்டும் கூவுவார். "நாலு ஏழு ரெண்டு யாருப்பா?" அந்த எண்ணுக்கு உரியவர் பார்சலை வாங்கிக்கொண்டு கிளம்புவார். மற்றவர்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "ஆர்டரே விழலடா", "இன்சென்டிவுக்கு இன்னும் ரெண்டு வேணும்", "சாயங்காலம் லாக்-இன் லேட் ஆயிடுச்சு" என்று பேச்சு ஓடும்.

பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "சும்மா இப்போதைக்குண்ணா." ஒருவர் குரூப்-4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் மெக்கானிக்கல் முடித்தவர், காண்ட்ராக்ட்டில் இருந்த ஃபேக்டரி வேலை போய்விட்டது. ஒருவருக்குக் கார் லோன் கட்ட முடியாமல் கார் போய், இப்போது பைக். எத்தனை வருஷமாக ஓட்டுகிறீர்கள் என்று கேட்டால் மூன்று, நாலு, சிலர் ஆறு என்பார்கள். ஆறு வருஷமாகச் செய்கிற வேலையும் இப்போதைக்குத்தான்.

இந்த இப்போதைக்கு என்கிற நினைப்பை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. மழையில் நனைந்து, மூன்றாவது மாடி ஏறி, தாமதம் என்று திட்டு வாங்கி இறங்கி வருகிற ஒருவருக்கு, நான் உண்மையில் இது இல்லை, நான் வேறொருவன் என்று நினைப்பதுதான் அன்றைய நாளைத் தாங்குகிற பலம். ஆனால் அந்த நினைப்புக்குப் பெரிய விலையும் இருக்கிறது. இது என் வேலையே இல்லை என்று நம்புகிறவர் அந்த வேலைக்காக ஏன் சங்கத்தில் சேருவார்? ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்றிருந்தது குறைந்தால் ஏன் சண்டை போடுவார்? நல வாரியத்தில் ஏன் பதிவு செய்வார்? எப்படியும் அடுத்த தீபாவளிக்குள் விட்டுவிடப் போகிறோமே என்று இருந்துவிடுவார். நிறுவனங்களுக்கு இதைவிட வசதியான தொழிலாளி கிடைக்க மாட்டார். இந்த வியாபாரமே அந்த நினைப்பின் மேல்தான் நிற்கிறது என்பது என் எண்ணம்.

இதே சென்னையில் இதற்கு நேர் எதிரான ஒரு காலம் இருந்தது. பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் வேலை செய்தவர்கள் தங்களை மில்லுக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27 அன்று அந்த மில்லைச் சுற்றித்தான் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முயற்சி எடுக்க, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள்கொடுத்தார். மில்லின் சம்பளமும் குறைவுதான், வேலையும் கடுமைதான். ஆனால் தெருவில் நடந்தால் இன்ன மில்லில் இன்ன பகுதியில் வேலை செய்கிறவர் என்று நாலு பேருக்குத் தெரியும். 1996ல் மில் மூடப்பட்டபோது சம்பளத்தோடு அந்த அடையாளத்தையும் சேர்த்து இழந்தார்கள்.

மில் வேண்டாம், ஆட்டோ ஸ்டாண்டைப் பாருங்கள். ஆட்டோக்காரருக்கும் முதலாளி கிடையாது, மாதச் சம்பளம் கிடையாது. ஆனால் ஸ்டாண்டுக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு, கொடிக்கம்பம் உண்டு, வரிசைப்படி சவாரி எடுக்கும் வழக்கம் உண்டு. ஒருவருக்கு விபத்து என்றால் மற்றவர்கள் பணம் திரட்டிக் கொடுப்பார்கள். ஆயுத பூஜை அன்று வாழைக்கன்று கட்டி, எல்லா வண்டிக்கும் ஒன்றாகப் பூசணிக்காய் உடைப்பார்கள். டெலிவரி பையனும் அன்று தன் பைக்குக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறான். வீட்டு வாசலில், தனியாக.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் ஒருவருடைய தொழிலே அவருடைய அடையாளம் என்று ஆக்கியதில் எவ்வளவு கொடுமை இருந்தது என்பது நமக்குத் தெரியும். அப்பன் தொழிலைப் பிள்ளை அரை நாள் கற்க வேண்டும் என்ற திட்டத்தை 1953ல் ராஜாஜி கொண்டுவந்தபோது, குலக்கல்வி என்று அதை எதிர்த்து மாநிலமே கொதித்தது. அடுத்த ஆண்டு காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. இன்னார் மகன், இன்ன தெரு என்று ஊரில் அறியப்பட்ட ஒரு பையனுக்கு, நகரத்துக்கு வந்து ஒரு டெலிவரிச் சட்டையை மாட்டிக்கொண்டதும் அதெல்லாம் மறைந்துபோவது பெரிய விடுதலை. சேருவதற்குச் சிபாரிசு வேண்டாம். வண்டி, லைசென்ஸ், செல்போன் போதும். யாரும் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்பதில்லை. இந்த விடுதலையை அனுபவித்தவர்களிடம் போய் இந்த வேலையில் எல்லாமே மோசம் என்று சொன்னால் அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆனால் அந்தச் சட்டை முழுதாக மறைப்பதும் இல்லை. செயலியில் பெயர் தெரிகிறது. 2019 ஜூலையில் ஜபல்பூரில் ஒரு வாடிக்கையாளர், உணவு கொண்டுவருபவர் இந்து அல்ல என்பதற்காக ஸொமேட்டோ ஆர்டரை ரத்து செய்தது நாடு முழுக்கச் செய்தியானது. 2024 மார்ச்சில் அதே நிறுவனம் சைவ உணவுக்கென்று தனிப் படையும் பச்சைச் சட்டையும் அறிவித்தது. சிவப்புச் சட்டைக்காரர்கள் எல்லாம் அசைவம் சுமப்பவர்கள் என்று முத்திரை விழுந்துவிடும், சில குடியிருப்புகளில் உள்ளேயே விடமாட்டார்கள் என்று கண்டனம் எழுந்தது. மறுநாளே பச்சைச் சட்டை வாபஸ் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் நிறுவனத்தின் தலைவர் தீபிந்தர் கோயல் தானே டெலிவரிச் சட்டை போட்டுக்கொண்டு குருகிராமில் ஒரு மாலுக்குப் போனபோது, லிஃப்ட் கிடையாது, படியில் போ என்று அனுப்பப்பட்டதாக எழுதினார். அவர் ஒரு நாள் ஏறிய படியை மற்றவர்கள் தினமும் ஏறுகிறார்கள். நம் அடுக்குமாடிகளின் வாசலில் காவலாளி நீட்டுகிற நோட்டைத் திறந்து பாருங்கள். விருந்தாளி என்றால் ஆளின் பெயர் எழுதப்பட்டிருக்கும். டெலிவரி என்றால் பெயர்க் கட்டத்தில் ஸ்விக்கி, ஸொமேட்டோ, அமேசான் என்று கம்பெனிதான் இருக்கும்.

இவர்கள் பேச்சில் அடிக்கடி வருகிற இன்னொரு சொல் ஐடி. வேலை போய்விட்டது என்று இவர்கள் சொல்வதில்லை, ஐடி பிளாக் ஆகிவிட்டது என்பார்கள். காலையில் சட்டை போட்டு செல்ஃபி எடுத்தால்தான் சில செயலிகள் திறக்கும். ஏதோ ஒரு புகார், ரேட்டிங் சரிவு, கணினிக்கு மட்டுமே தெரிந்த ஏதோ ஒரு காரணம். ஒரு நாள் திறக்காது. கேட்பதற்கு மேனேஜர் இல்லை, பதில் சொல்ல ஓர் ஆபீஸ் இல்லை, சாட்டில் வருகிற ஒரே மாதிரியான வரிகள்தான். வீட்டு வாடகையும் தவணையும் காத்திருக்க மாட்டா. அண்ணன் ஐடியையோ நண்பன் ஐடியையோ வாங்கி ஓட்டுகிறவர்கள் உண்டு. வாடிக்கையாளர் திரையைப் பார்த்து யாரோ ஒருவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்வார். வாசலில் நிற்பவர் அந்தப் பெயருக்குத் தலையாட்டிவிட்டுப் போவார். வேலையில் சொந்தப் பெயர்கூட மிஞ்சாத நிலை இது.

தனித்து வேலை செய்பவர்களின் மனநிலை பற்றி ஜான்பியரோ பெட்ரிலியேரி, சூசன் ஆஷ்ஃபோர்ட், ஏமி ரெஸ்னெவ்ஸ்கி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 65 பேரிடம் விரிவாகப் பேசி 2019ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த 65 பேரும் எழுத்தாளர்கள், ஓவியர்கள், ஆலோசகர்கள் போன்றவர்கள். நிறுவனத்தின் நிழல் இல்லாத இவர்கள் நிலைகுலையாமல் இருப்பது நாலு பிடிமானங்களால் என்று கண்டார்கள்: தனக்கென ஓர் இடம், தினசரி ஒழுங்கு, ஒரு நோக்கம், நெருக்கமான மனிதர்கள். நம் பையன்கள் இதில் இரண்டைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். டீக்கடை ஓர மரநிழல் அவர்களுடைய இடம். வாட்ஸ்அப் குழு அவர்களுடைய மனிதர்கள். எங்கே போலீஸ் நிற்கிறது, எந்த அபார்ட்மெண்டில் வண்டியை உள்ளே விடமாட்டார்கள், யாருக்கு அடிபட்டு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதெல்லாம் அதில்தான் வரும். தினசரி ஒழுங்கு செயலியின் கையில் இருக்கிறது. நோக்கம்தான் இல்லாமல் தவிக்கிறார்கள். எழுத்தாளருக்கு அடுத்த புத்தகம் இருக்கிறது. இவருக்கு அடுத்த ஆர்டர்.

பெண்களின் கதை வேறு மாதிரி. வீட்டுக்கு வந்து அழகுக்கலை செய்பவர்களில் பலர் முன்பு பார்லரில் ஒருவரின் கீழ் உதவியாளராக இருந்தவர்கள். சீருடை, பெட்டி, தன் பெயரில் வருகிற பாராட்டுகள் எல்லாம் அவர்களை அவர்களுடைய வீட்டிலேயே ஒரு படி உயர்த்தியிருக்கின்றன. தொழில் தெரிந்தவர் என்கிற பெருமை அது. அந்தப் பெருமையே அவர்களைப் போராடவும் வைத்தது. 2021 அக்டோபரில் குருகிராமில் அர்பன் கம்பெனி அலுவலகத்தின் முன் பெண்கள் கூடி, அதிகப்படி கமிஷனையும் விதிகளையும் எதிர்த்தார்கள். டிசம்பரில் மறுபடி போராடியபோது நிறுவனம் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. தான் செய்வதைத் தன் தொழில் என்று நினைக்கிறவர்தான் அதற்காகத் தெருவில் உட்காருவார்.

சட்டம் என்ன சொல்கிறது? 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. கிக் தொழிலாளி என்று இவர்களை முதல்முறையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட மத்தியச் சட்டம் அது. நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதத்தை இவர்களுடைய நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் அதே சட்டம் இவர்களை முதலாளி, தொழிலாளி என்ற வழக்கமான உறவுக்கு வெளியே நிறுத்தித்தான் வரையறுக்கிறது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19 அன்று ஊபர் வழக்கில் எடுத்த வழி வேறு. யாசீன் அஸ்லாம், ஜேம்ஸ் ஃபாரர் என்ற இரண்டு ஓட்டுநர்கள் தொடங்கிய வழக்கு அது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, கட்டணத்தையும் நிபந்தனையையும் நிறுவனமே வைத்திருக்கும்போது ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். குறைந்தபட்சக் கூலியும் ஊதியத்துடன் விடுப்பும் அதன் வழியாகக் கிடைத்தன.

நம் நாட்டில் மாநிலங்களில் ராஜஸ்தான்தான் 2023ல் முதலில் இவர்களுக்கெனச் சட்டம் கொண்டுவந்தது. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் முன் காரணத்தைச் சொல்லி 14 நாள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. என் பார்வையில் இந்த ஒரு விதி, எத்தனையோ காப்பீட்டு அறிவிப்புகளைவிட முக்கியம். காரணம் கேட்கவும் பதில் பெறவும் உரிமை உள்ளவர்தான் தன்னை ஒரு வேலையில் இருப்பவராக உணர முடியும். எல்லா மாநிலங்களிலும் இது சட்டமாக வேண்டும்.

தமிழ்நாடு 2023 டிசம்பரில் இவர்களுக்கென்று தனி நல வாரியம் அமைத்தது. 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் குளிரூட்டிய ஓய்வறை கட்டியிருக்கிறது. வாரிய அட்டை ஒரு பையனின் வாழ்க்கையை மாற்றிவிடாது. ஆனால் நீ தொழிலாளி என்று அரசாங்கம் எழுதிக்கொடுக்கிற காகிதம் அது. விபத்து நிவாரணம், பிள்ளைகளின் படிப்பு உதவி, மகப்பேறு உதவி, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அந்தப் பதிவுதான் வாசல்.

இந்த வேலையில் இருக்கும் தம்பி, தங்கைகள் இதைப் படித்தால், அல்லது உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அடுத்த வேலை கிடைக்கிறவரை காத்திருக்காமல் இந்த வாரமே பதிவு செய்யுங்கள். இன்னும் ஆறு மாதத்தில் விட்டுவிடப் போவதாக இருந்தாலும் செய்யுங்கள். ஆதார், செல்போன் எண், வங்கிக் கணக்கு விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளர் துறையின் இணையதளத்திலோ மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்திலோ விசாரிக்கலாம். 18 வயது நிரம்பி 60 வயதுக்குள் இருப்பவர்கள் சேரலாம்.