எட்டு நாற்காலி வியாபாரம்

எட்டு நாற்காலி மட்டும் போட்ட ஒரு சாப்பாட்டுக் கடையை வைத்துக்கொண்டு, வாடகை கொடுத்து, கேஸ், மின்சாரக் கட்டணம் கட்டி, குடும்பமும் நடத்த முடியுமா? நம் உறுப்பினர்களைக் கேட்டால் பெரும்பாலோர் கட்டுபடியாகாது என்றே சொல்வார்கள். ஆனால் டோக்கியோ, ஒசாகா, ஃபுகுவோகா போன்ற ஜப்பானிய நகரங்களில் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் இத்தகைய கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஐம்பது ஆண்டுகளைக் கடந்தவையும் அவற்றில் உண்டு. அவை எப்படி நடக்கின்றன, இன்று ஏன் திணறுகின்றன என்பதை வியாபாரியின் கண்ணோடு பார்ப்போம்.

முதலில் ராமென் கடை. ராமென் என்பது எலும்பு, காய்ந்த மீன், கடற்பாசி முதலியவற்றை மணிக்கணக்கில் கொதிக்க வைத்து எடுத்த சாற்றில் கோதுமை நூடுல்ஸைப் போட்டுத் தருவது. சீனாவிலிருந்து வந்த பண்டம். 1910-ல் டோக்கியோவின் அசகுசா பகுதியில் தொடங்கப்பட்ட ராய்ராய்கென் என்ற கடை இதை மக்களிடம் பரப்பிய முன்னோடிகளில் ஒன்று. இன்று சப்போரோவில் மிசோ, கிடகடாவில் சோயா சாஸ், ஃபுகுவோகாவில் பன்றி எலும்புச் சாறு என்று ஊருக்கு ஊர் ருசி மாறும்.

பல ராமென் கடைகளின் வாசலிலேயே ஒரு இயந்திரம் நிற்கும். பணத்தைப் போட்டு, வேண்டிய பண்டத்தின் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். சீட்டை நீட்டினால் சாப்பாடு வரும். பார்ப்பதற்குச் சாதாரணம். ஆனால் இதில் எத்தனை விஷயம் அடங்கியிருக்கிறது என்று கவனியுங்கள். கல்லாவில் உட்கார ஆள் வேண்டாம். கடன் பாக்கி என்ற பேச்சே கிடையாது. சாப்பிடக் கொடுக்கும் கை பணத்தைத் தொடுவதில்லை. இரவு கடை கட்டும்போது எந்தப் பண்டம் எத்தனை போயிற்று என்ற கணக்கு தானாக நிற்கிறது. முதலாளி ஒருவரும் உதவிக்கு ஒருவரும் இருந்தால் போதும். வருபவர்களும் கதை பேசிக்கொண்டு உட்காருவதில்லை. பதினைந்து, இருபது நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். எட்டு நாற்காலிதான் என்றாலும் ஒரு மதிய வேளையில் அது பல சுற்று சுற்றி வருகிறது. வருமானத்தைத் தீர்மானிப்பது இந்தச் சுற்றுதான்.

ஃபுகுவோகாவில் இன்னொரு முறை இருக்கிறது. அங்குள்ள நாகஹாமா மீன் சந்தைத் தொழிலாளிகளுக்கு நின்று நிதானமாகச் சாப்பிட நேரம் இல்லை. ஆகவே சீக்கிரம் வெந்துவிடும்படி நூடுல்ஸை மிக மெல்லியதாகச் செய்தார்கள். மெல்லிய நூடுல்ஸ் சாற்றில் கிடந்தால் ஊறிக் குழைந்துவிடும். எனவே முதலில் அளவாகக் கொடுத்து, போதாதவர்களுக்கு நூடுல்ஸ் மட்டும் மீண்டும் போட்டார்கள். இதற்குக் ‘கைதாமா’ என்று பெயர். நூறு, நூற்றைம்பது யென் கொடுத்தால் மிச்சமிருக்கும் சாற்றிலேயே இன்னொரு பிடி விழும். செலவு பிடிப்பது சாறுதான், நூடுல்ஸ் மலிவு. சாற்றை ஒரு முறை விற்று, நூடுல்ஸை இரண்டு முறை விற்கும் இந்த ஏற்பாட்டை எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. சந்தைக்காரரின் அவசரம் சொல்லித் தந்தது.

சுஷி கடையின் கதை வேறு. வினிகர் கலந்த சோற்றின் மேல் மீன் துண்டை வைத்துக் கையால் பிடித்துக் கொடுப்பது சுஷி. நல்ல கடைகளில் சில மீன்களுக்கு விலையே எழுதியிருக்காது. ‘அன்றைய விலை’ என்று மட்டும் இருக்கும். நம் காய்கறி மண்டி வியாபாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டோக்கியோவின் மீன் சந்தை 1935 முதல் சுகிஜியில் இருந்து, 2018 அக்டோபரில் டோயோசுவுக்கு மாறியது. விடியற்காலையில் ஏலம் நடக்கிறது. ஏலத்தில் எடுப்பவர்களில் முக்கியமானவர்கள் ‘நகாஒரோஷி’ எனப்படும் இடைநிலை மொத்த வியாபாரிகள். இவர்கள் பெரிய மீனை அறுத்துப் பிரித்து, சிறு கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். எந்தக் கடைக்குக் கொழுப்பு மிகுந்த பாகம் வேண்டும், எந்தக் கடையின் வாடிக்கைக்கு அது ஒத்துவராது என்பது இவர்களுக்கு அத்துப்படி. இடைத்தரகர் ஒழிந்தால் விலை குறையும் என்று எல்லா நாட்டிலும் பேசுகிறார்கள். எட்டு நாற்காலி போட்டவர் ஒரு முழு டியூனா மீனை வாங்கி என்ன செய்வார்? இடையில் ஒருவர் இருப்பதால்தான் அவர் கடை நடக்கிறது.

2019 ஜனவரியில் புத்தாண்டின் முதல் ஏலத்தில் 278 கிலோ டியூனா ஒன்று 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. அதை மீன் விலை என்று எண்ணிவிடக் கூடாது. அது விளம்பரச் செலவு. மறுநாள் எல்லாச் செய்தித்தாள்களிலும் வாங்கியவர் கடைப் பெயர் வந்துவிடுகிறது.

சுஷியை ஏழை எளியவரும் சாப்பிட வழி செய்தவர் ஒசாகாவைச் சேர்ந்த ஷிரைஷி யோஷியாகி. பீர் தொழிற்சாலையில் பாட்டில்கள் பெல்ட்டில் ஓடுவதைப் பார்த்து, அதே போல் சுஷித் தட்டுகளை வாடிக்கையாளர் முன் ஓடவிட்டார். 1958-ல் ஹிகாஷி-ஒசாகாவில் முதல் கடை. பரிமாறும் ஆள் கூலி மிச்சம். தட்டுகளை எண்ணினால் பில். 1970-ல் ஒசாகா உலகக் கண்காட்சிக்குப் பின் நாடெங்கும் பரவியது. 2023-ல் ஒரு கடையில் வாலிபர் ஒருவர் சோயா சாஸ் பாட்டிலை நக்கும் வீடியோ வெளிவந்து பெரும் அமளியாயிற்று. அதன்பின் பல கடைகள் தட்டுகளைப் பொதுவாக ஓடவிடுவதை நிறுத்தி, கேட்டவருக்கு மட்டும் அனுப்புகின்றன.

இனி தெருமுனைக் குடிக்கடை, ‘இசகாயா’. உட்கார்ந்தவுடன் கேளாமலே ஒரு சிறு கிண்ணம் பதார்த்தம் வரும். இலவசம் என்று நினைத்தால் பில்லில் முந்நூறு, நானூறு யென் ஏறியிருக்கும். அது உட்காரும் கூலி போன்றது. வெளியூர்க்காரர் பலர் இதில் சண்டைக்கு நிற்கிறார்கள். அந்த ஊர் வழக்கம் அது. சில கடைகளில் வாடிக்கையாளர் ஒரு முழு பாட்டில் மதுவை விலைக்கு வாங்கி, தம் பெயரை எழுதி அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போகலாம். குடிப்பதை நாம் ஆதரித்து எழுதவில்லை. ஆனால் பணமும் முன்கூட்டி வந்து, ஆளும் திரும்பி வருவதற்கு இதைவிட எளிய ஏற்பாடு நமக்குத் தெரியவில்லை.

கடை வாசலில் தொங்கும் துணித் திரைக்கு ‘நோரென்’ என்று பெயர். தொங்கினால் கடை உண்டு. உள்ளே எடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. நீண்ட நாள் உழைத்த ஊழியருக்கு முதலாளி தம் கடைப் பெயரிலேயே தனிக் கடை வைக்க அனுமதி கொடுப்பதை ‘நோரென் பிரித்துக் கொடுத்தல்’ என்கிறார்கள். இன்றும் ஜப்பானியக் கணக்குப் புத்தகத்தில் நற்பெயருக்கான மதிப்பை எழுதும் தலைப்பு ‘நோரென்’ என்பதே.

இவ்வளவு இருந்தும் இன்று நிலைமை சுகமில்லை. ஒரு கிண்ணம் ராமென் 1,000 யென்னைத் தாண்டினால், அதாவது நம் பணத்தில் சுமார் 550 முதல் 600 ரூபாயைத் தாண்டினால், ஜனங்கள் முகம் சுளிக்கிறார்கள். ‘ஆயிரம் யென் சுவர்’ என்றே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கோதுமை, இறைச்சி, கேஸ், கூலி எல்லாம் ஏறியிருக்க, விற்பனை விலை மட்டும் சுவரில் முட்டி நிற்கிறது. டெய்கோகு டேட்டாபேங்க் நிறுவனக் கணக்குப்படி 2024-ல் 72 ராமென் வியாபாரங்கள் திவாலாயின. ஒரு கோடி யென்னும் அதற்கு மேலும் கடன் வைத்தவர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள். ஓசையின்றிப் பூட்டியவர்கள் இதில் வரமாட்டார்கள்.

2024 ஜூலையில் புதிய நோட்டுகள் வெளியாயின. பத்தாயிரம் யென் நோட்டில் இருப்பவர் ஷிபுசாவா எய்ச்சி. சுமார் 500 கம்பெனிகள் உருவாகத் துணை நின்ற வணிகப் பெருமகனார். அவர் படம் போட்ட நோட்டே சிறு கடைக்காரருக்குத் தலைவலியாக வந்தது. பழைய சீட்டு இயந்திரங்கள் புது நோட்டை ஏற்கவில்லை. புதிய இயந்திரத்துக்குப் பத்து லட்சம் யென்னும் அதற்கு மேலும் ஆகும். அந்தத் தொகைக்கு எத்தனை கிண்ணம் விற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்து அரிசி. 2024 தொடக்கத்தில் 5 கிலோ 2,000 யென்னை ஒட்டியிருந்த சில்லறை விலை, 2025-ல் 4,000 யென்னைத் தாண்டி, அரசு தன் கையிருப்பைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. சோற்றைத் தாராளமாகப் போட்டு வந்த சாப்பாட்டுக் கடைகள் கிண்ணத்தின் அளவைப் பார்க்க ஆரம்பித்தன.

இவற்றைவிடப் பெரிய குறை வாரிசு. எழுபது வயது தாண்டிய முதலாளியின் பிள்ளை வேறு வேலைக்குப் போய்விட்டார். விடியுமுன் சந்தைக்குப் போய், இரவு பாத்திரம் கழுவி முடிக்கும் பிழைப்பைக் கற்றுக்கொள்ளவும் ஆள் வருவதில்லை. கடன் இல்லை, வாடிக்கை உண்டு, லாபமும் உண்டு. நடத்த ஆள் இல்லை. இப்படி மூடும் கடைகளைப் பற்றித்தான் நமக்கு வருத்தம் அதிகம். நோரென் பிரித்துக் கொடுக்க ஊழியர் இருந்த காலத்தில், பிள்ளை வராவிட்டாலும் பெயர் நின்றது.

சரக்கு விஷயமாகவோ சுற்றுலாவாகவோ அங்கே போகும் உறுப்பினர்களுக்குச் சில வார்த்தைகள். சைவம் சாப்பிடுவோர் கவனமாக இருக்க வேண்டும். காய்கறி மட்டும் போட்ட சாற்றிலும் காய்ந்த மீனின் சாறு சேர்ந்திருக்கும். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய சுஷி கிடைக்கும். டிப்ஸ் வைக்கக் கூடாது. வைத்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வந்து கொடுப்பார்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 10 சதவீதம், பொட்டலமாக வாங்கினால் 8 சதவீதம். 2019 அக்டோபர் முதல் இந்த முறை. சாப்பிட்டு முடித்தவுடன் எழுந்துவிடுவது நல்லது, வெளியே ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும். சிறு கடைகள் பலவற்றில் இன்னும் கார்டு வாங்குவதில்லை.