தாழ்ந்த கம்பியும் உயர்ந்த கம்பியும்

ஒடுகத்தூர், ஜவ்வாது மலையடிவாரத்தில் உத்திரகாவேரி ஆற்றங்கரையில் அமைந்த ஊர். வெள்ளிக்கிழமைதோறும் இங்குக் கூடும் ஆட்டுச் சந்தையை இவ்வட்டாரத்தார் யாவரும் அறிவர். சுற்றியுள்ள சிற்றூர்களில் உழவே முதன்மைத் தொழில். ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளிலுள்ள தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குச் சென்று வருவோரும் பலர். இவ்விரண்டினையும் விட்டால் நம் இளைஞர் நாடும் மூன்றாவது வழி சீருடைப் பணியே. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை, படைவீரர்களின் ஊர் என்றே பெயர் பெற்றுள்ள மாவட்டம் இது. ஆகவே இவ்விருப்பம் நம்மவரிடையே மிகுந்திருப்பதில் வியப்பில்லை.

தரைப்படைக்கு ஆள் சேர்க்கும் திரளில் 1.6 கிலோமீட்டர் ஓட்டம் முதலாவது சோதனை. அதில் தேறியவர் அடுத்துக் கம்பியைப் பிடித்துத் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேல் வரும்வரை உடலை உயர்த்திக் காட்டவேண்டும். இதனையே 'புல்-அப்ஸ்' என்கின்றனர். பத்து முறை உயர்த்தினால் 40 மதிப்பெண். ஆறு முறைக்கு 16 மதிப்பெண். ஐந்தோடு கை ஓய்ந்தவர் வெளியேற வேண்டியதுதான். தமிழ்நாட்டுக் காவல் துறைத் தேர்வில் ஆண்களுக்குரிய கயிறு ஏறுதலுக்கும் இதே தசைகளின் வலிமை வேண்டும்.

நாம் செய்த பிழை

ஒருமுறை சந்தை நாளன்று இளைஞர் ஒருவர் நம்மைச் சந்தித்தார். ஓட்டத்தில் முன்வரிசையில் வந்தவர். கம்பியிலோ நான்கோடு நின்றுவிட்டார். "ஊரில் கம்பி இருக்கிறதே, பழகவில்லையா?" என்று வினவினோம். "இருக்கிறது ஐயா. எட்டிப் பிடித்துத் தொங்குவோம், காலை உதறிப் பார்ப்போம், மேலே போக முடியாது, இறங்கிவிடுவோம்" என்றார். அக்கம்பியை நிறுவச் செய்தவர் நாமே. உயர்ந்த கம்பி ஒன்றை நட்டுவிட்டால் இளைஞர் தாமே ஏறிவிடுவர் என்று எண்ணியிருந்தோம். முதற்படி இல்லாத ஏணியைச் சாத்தி வைத்தோம் என்பது அன்றுதான் விளங்கியது. திரளில் கலந்துகொள்ள வயது வரம்பு உண்டு. ஆண்டுகள் கடந்துவிட்டால் அவ்வாய்ப்பு மீளாது. ஆகவே இப்பிழை சிறிதன்று.

வலிமை வளரும் முறை

உடலை மேலே இழுப்பது கை மட்டுமன்று. அக்குளிலிருந்து இடுப்புவரை விரிந்துள்ள முதுகின் அகன்ற தசையே பெரும்பாரத்தைச் சுமக்கிறது. புயத்தசையும் முன்கையின் பிடியும் அதற்குத் துணை. இவற்றைப் படிப்படியாகவே வளர்க்க இயலும்.

முதற்படி தொங்குதல். பத்து விநாடியில் தொடங்கி, முப்பது விநாடிவரை பிடி தளராமல் தொங்கப் பழகவேண்டும். பின்னர், முழங்கையை மடக்காமல் தோள்பட்டைகளை மட்டும் கீழ்நோக்கி இழுத்து விடவேண்டும். முதுகுத் தசையை வேலைக்கு அழைக்கும் முறை இதுவே.

இரண்டாம்படி தாழ்ந்த கம்பி. இடுப்பளவு உயரமுள்ள கம்பியின் கீழ் மல்லாந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, உடலைப் பலகைபோல் நேராக வைத்து, மார்பைக் கம்பிவரை இழுக்கவேண்டும். உடற்பாரத்தில் ஒரு பகுதியைக் கால் தாங்கிக்கொள்வதால் புதியவராலும் இது இயலும். கடினமாயிருப்பின் முழங்காலை மடக்கிக்கொள்ளலாம். எட்டு முறை வீதம் மூன்று சுற்றுகள் செய்து, நாளடைவில் பன்னிரண்டாக உயர்த்தலாம்.

மூன்றாம்படி இறங்குதல். உறுதியான முக்காலியின்மேல் ஏறி, மோவாய் கம்பிக்கு மேல் இருக்குமாறு பிடித்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டு, ஐந்து விநாடி எண்ணும்வரை மெல்ல இறங்கவேண்டும். தசையானது தூக்கவல்ல பாரத்தைவிட மிகுந்த பாரத்தைத் தாங்கியவாறே நீளவல்லது. ஆகவே ஏற முடியாதவரும் இறங்க முடியும். இறங்கப் பழகியவர் பின்னர் ஏறுவர். ஒரு நாளைக்கு ஐந்து முறை போதும். பத்து விநாடி நிதானமாக இறங்க முடிந்தவருக்கு முதல் ஏற்றம் தொலைவில் இல்லை.

முதல் ஏற்றம் கைகூடியபின், ஒரே மூச்சில் பலமுறை முயன்று களைப்பதைவிட, இடைவெளி விட்டு ஒன்றிரண்டாகப் பலமுறை செய்வதே எண்ணிக்கையை உயர்த்தும். திரளுக்கு முந்திய வாரங்களில், ஓடி முடித்த களைப்புடனேயே கம்பியில் ஏறிப் பழகுவதும் நன்று.

வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி என மூன்று நாட்கள் போதுமானவை. ஓய்வின்போதே தசை வளர்கிறது. புதியவர் பெரும்பாலோருக்குச் சில மாதங்கள் ஆகும். திரள் அறிவிப்பு வந்தபின் தொடங்குவது பயனற்றது. தோளிலோ முழங்கையிலோ கூரிய வலி தோன்றின் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுகவேண்டும்.

விலையுயர்ந்த சத்துமாவுகள் தேவையில்லை. நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம். கொள்ளும் உளுந்தும் நம் வயலிலேயே விளைபவை. மிகையான உடல் எடை கம்பியில் வீண் சுமை என்பதையும் நினைவிற் கொள்க.

ஊராட்சிகள் செய்யத்தக்கது

விளையாட்டுத் திடலில் இரு கம்பிகள் வேண்டும். ஒன்று, எட்டடி உயரத்தில், மற்றொன்று, இடுப்பளவில். ஓரங்குல ஜி.ஐ. குழாய் கைப்பிடிக்கு ஏற்றது. தூண்களை இரண்டரை அடி ஆழத்தில் புதைத்துக் கான்கிரீட் இடுக. கீழே ஆற்று மணல் பரப்புக. துரு ஏறாமல் ஆண்டுதோறும் வண்ணம் பூசுக. தாழ்ந்த கம்பி பெண்களுக்கும் பள்ளிச் சிறாருக்கும் உடனே பயன்படும். தொழிற்சாலை வேலை முடிந்து மாலையில் திரும்புவோருக்காக ஒரு விளக்கும் அமைத்தால் திடல் இரவிலும் உயிர் பெறும். ஊரில் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் இருப்பின் அவரையே பயிற்றுநராக வேண்டிக்கொள்ளலாம்.

நாமும் அவ்வூரில் உயர்ந்த கம்பியின் அருகே தாழ்ந்த கம்பி ஒன்றை நிறுவச் செய்தோம். முன்பு காலை உதறிவிட்டு இறங்கியவர்கள் இன்று வரிசையில் காத்திருந்து பழகுகின்றனர். மேலே ஏறுமாறு இளைஞரை ஊக்குவிப்பது எளிது. அவர்கள் கால் ஊன்ற முதற்படியை அமைத்துக் கொடுப்பதே நம் கடமை.